போனிச் சுற்று

அன்பு மகன் ரியாஸுக்கு உன் அத்தா எழுதுவது. சலாம். நலம் விசாரிப்பெல்லாம் போன வெள்ளிக்கிழமை போனிலேயே முடிந்துவிட்டது. முழங்கால் வீக்கம் வடிந்ததா என்பதை மட்டும் தனியாக எழுது. நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது, கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் உன் தங்கை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். படிக்காமல் எடுக்க மாட்டாள் என்று தெரியும், படிக்கட்டும். தபாலில் போட்டால் இது நம் தீவிலிருந்து மெயின்லேண்ட் போய், அங்கிருந்து ஆஸ்திரேலியா வந்து சேர்வதற்குள் உன் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பறக்கப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டால் நான் பழையபடி சிரித்துப் பேசி மழுப்பிவிடுவேன். காகிதம் என்னைப் பார்த்துச் சிரிக்காது, அதனால் இதில் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். நீ பறக்கிற மைதானத்தில் மலை கிடையாது. அதனால் ஒரு சின்ன விமானம் உன்னைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போகும். நீ ஹேங் கிளைடரின் இறக்கைக்குக் கீழே குப்புறத் தொங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்தபடி பின்னாலேயே போவாய். உயரம் போதும் என்றால் நீயே கொக்கியை விடுவித்துக்கொண்டு தனியாகப் பறக்க வேண்டும். அன்றைக்கு உன் கிளைடர் பழுதுபார்க்கப் போயிருந்தது. கூட்டாளியுடையதை வாங்கிக்கொண்டாய். உன்னுடையதைவிட வேகமானது, அதற்கு முன்னால் அதை நீ தொட்டதுகூட இல்லை. காற்றும் பலமாக இருந்தது. தரையை விட்டதும் அது லிஃப்ட் மாதிரி விறுவிறுவென்று ஏறி, விமானத்தின் வாலுக்கும் மேலே போய்விட்டது. பிறகு இடது பக்கம் ஓடியது, வலது பக்கம் ஓடியது, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகச் சாய்ந்தது. கொக்கி உன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தும் நீ விடவில்லை. கடைசியில் விமானம் ஓட்டிய அந்த அம்மாதான் கண்ணாடியில் உன்னைப் பார்த்து, தன் பக்கத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டிருக்கிறார். எப்படியோ நேராக்கி, காற்றோடு மல்லுக்கட்டி, கிளைடரின் மூக்கு தரையில் குத்த இறங்கினாய். ஒரு கம்பி வளைந்தது, முழங்கால் வீங்கியது. அல்லாஹ் காப்பாற்றினான்.

இதை எல்லாம் நீ சினிமாக் கதை மாதிரி சொன்னாய், நானும் உம் கொட்டிக்கொண்டு இருந்தேன். அப்புறம் அந்த அம்மா ஓடி வந்து, ஏன் விடவில்லை என்று கத்தியதைச் சொன்னாய். "நான் எப்பவுமே இப்படித்தான் மேடம், ஆபத்துன்னா உறைஞ்சு போயிருவேன், வேணும்னா எங்க அத்தாவைக் கேட்டுப் பாருங்கன்னு சொன்னேத்தா." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, என்ன அத்தாவும் மகனும் அப்படிச் சிரிக்கிறீங்க என்று கேட்டாள். அதற்கப்புறம் நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னாய். "நெசத்தச் சொன்னா, விடணும்னு கை போச்சுத்தா. ஆனா இது நெச ஆபத்தா, இல்ல அன்னிக்கு மாதிரி நான்தான் சும்மா பயந்து சாகுறேனான்னு தெரியல. இந்தத் தடவ தாக்குப்பிடிச்சுப் பார்ப்போம்னு இருந்துட்டேன்." அந்த வார்த்தையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சிக்னல் கட்டாகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ரியாஸ், நம் படகுக்குப் பின்னால் பறந்த அன்றைக்கு நீ உறைந்து போகவில்லை. சும்மா பயந்து சாகவும் இல்லை. எட்டு வருடமாக நான் உனக்குச் சொல்லிவந்தது பொய். நீ தலையில் அடிபட்டு அந்தக் காலையையே மறந்துபோனாய். அந்தக் காலியிடத்தில் நான் எனக்கு வசதியான ஒரு கதையை வைத்துவிட்டேன். அதை நம்பித்தான் நீ போன வாரம் கொக்கியிலிருந்து கையை எடுத்திருக்கிறாய். என் பொய் எட்டு வருடம் உட்கார்ந்திருந்து, கடல் தாண்டி வந்து, உன் உயிரை எடுக்கப் பார்த்திருக்கிறது. உட்கார், முழுதாகச் சொல்கிறேன்.

நம் போனிச் சுற்று உனக்கு நினைவிருக்கும், அந்தக் காலைதான் நினைவில்லை. ஆளைப் பாராசூட்டில் கட்டிக் கயிற்றால் இழுத்துப் பறக்கவிடுகிற படகு கடற்கரையில் வைத்திருந்த நாங்கள் நாலு பேரும் அதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தோம். கடைக்காரன் முதல் வியாபாரத்தைப் போனி என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி, எங்களுக்கு நாளின் முதல் பறப்பு. அதில் வாடிக்கையாளரை ஏற்ற மாட்டோம். படகுக்காரன் வீட்டு ஆள்தான் ஏற வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற ஜனங்களுக்கு, பாருங்கள், என் சொந்தப் பிள்ளையையே ஏற்றுகிறேன் என்று காட்டுகிற தந்திரம் அது. ஆரம்பத்தில் தந்திரமாக இருந்தது, போகப் போக நம்பிக்கையாகிவிட்டது. போனிச் சுற்று மணலில் தொடங்கி, ஒரு முழு வட்டம் போய், அதே மணலில் வந்து முடிய வேண்டும். பாதியில் இறக்கினால் அன்றைக்குத் தொழில் விளங்காது. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று உன் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! நான் ஐந்து வேளையும் தொழுதுவிட்டு, காலையில் போய் இதையும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அந்த சீசனில் பழைய பாராசூட் நைந்துபோயிருந்தது. மெயின்லேண்டில் ஒரு பார்ட்டி தொழிலை விடுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனுடையதைக் கப்பலில் வரவழைத்தேன். நீலமும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருந்தது. அது ஏரித் தண்ணீரில், காற்றே இல்லாத இடத்தில், இரண்டு பேரைச் சேர்த்துத் தூக்குவதற்கென்று தைத்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். விற்றவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் நிறம் என்ன என்று மட்டும் கேட்டேன். அது வந்து இறங்கிய மறுநாளே பிரித்தோம். காற்றில்லாத ஒரு காலையில் வெறும் மணல் மூட்டையைக் கட்டி ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீ கல்லூரி லீவில் வந்திருந்தாய். வயது இருபது. மின்னி பே வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் நீ ஓட்ட, நான் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். எதிரே வந்த எல்லோரிடமும் புதுசு புதுசு என்று தட்டிக் காட்டிக்கொண்டு வந்தேன்.

வடகிழக்குக் காற்று முந்தின நாளே பிடித்துக்கொண்டது. கரையோரத் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையை விரித்துக்கொண்டு நின்றன. பாறை முனைக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. பக்கத்துப் படகுக்காரர் இன்றைக்கு ஓட்ட வேண்டாம் என்று பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதையும் பார்த்தேன். ஆனால் என் முன்னால் ஒரு பஸ் ஆட்கள் நின்றார்கள், மெயின்லேண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அடுத்த நாள் கப்பல் ஏறப் போகிறவர்கள். எனக்கு ஆட்கள் வேடிக்கை பார்த்தால் போதும், தலை கால் புரியாது. உனக்கும் தெரியும், உன் தங்கைக்கும் தெரியும், பூனைக்கும் தெரியும். நம் படகில் பின்னால் பார்த்து உட்கார்ந்து கயிறு கவனிக்கிற தபன், அந்தப் பெங்காலி, வாயில் பீடி வைத்தால் எடுக்காதவன், அன்றைக்குப் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னான். "பாய், ஹவா பஹுத் தேஸ் ஹை. ஆஜ் ரஹ்னே தோ." காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்கிறான். நான், சும்மா உட்கார்டா என்றேன்.

நீயும் சொன்னாய். இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். மணலில் பாராசூட்டை விரித்ததும் நீ அதைச் சுற்றி நடந்து, பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாய். காற்று வெளியே போவதற்காக அதில் இருக்கும் ஓட்டைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தாய். "அத்தா, பழசுல ஓட்டை பெருசு பெருசா இருந்துச்சு. இதுல ரொம்பச் சின்னதா இருக்கே. இந்தக் காத்துக்கு இது தூக்கிட்டுப் போயிருமே." இருபது வயதில் நீ ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தது, பன்னிரண்டு வருடம் படகு ஓட்டிய எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். நீ சொன்னதும் தெரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் என் மகன் சொல்லி நான் கேட்பதா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பார்க்கிறவங்க முன்னாடி மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு நிக்காதடா. உன் வயசுல நான் புயல்ல டிங்கி ஓட்டினவன்." உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நீ பெல்ட்டை மாட்டிக்கொண்டாய். நான் புயலில் டிங்கிப் படகு ஓட்டியதே இல்லை, ரியாஸ். புயல் என்றால் வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

படகு கயிற்றை இழுப்பதற்கு முன்னாலேயே பாராசூட் உன்னைத் தூக்கிவிட்டது. மணலில் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சூடுபட்ட மாதிரி கையை விட்டார்கள். பஸ் ஆட்கள் கைதட்டினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிப் பார்த்தேன். தென்னை உயரம் தாண்டி நீ ஒரு புள்ளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தாய். அப்போது வலது கையை உயர்த்தினாய். ஒரு கை என்றால் வேகம் குறை. நான் பார்த்தேன். முனை தாண்டட்டும், குறைக்கலாம் என்று நினைத்தேன். முனை தாண்டியதும் காற்று இன்னும் பலமாக அடித்தது. நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தாய். அப்படியென்றால் இறக்கு. அதையும் பார்த்தேன். கரையில் இருந்த ஜனங்கள் நீ அவர்களுக்குத்தான் டாட்டா காட்டுகிறாய் என்று நினைத்துத் திருப்பிக் கை ஆட்டினார்கள். தபன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாய், ஹாத் தேகோ! ஹாத்!" என்று கத்தினான். கையைப் பார், கையைப் பார் என்கிறான். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாதி வட்டம் ஆகிவிட்டது, இன்னும் பாதிதான், இப்போது இறக்கினால் போனி பாதியில் நின்றுவிடும். இதைத்தான் நினைத்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சொல்ல முடிந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வேறு காரணமே இல்லை.

மூன்றாவது தடவை நீ கையைக் குறுக்கே வைத்தபோது அதைக் கீழே எடுக்கவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு இருந்தாய். என்ஜினைக் குறைத்து, கயிறு தொய்யும்படி காற்றோடு உன் பக்கம் போயிருந்தால், நீ மெதுவாகத் தண்ணீரில் இறங்கியிருப்பாய், நனைந்திருப்பாய், அவ்வளவுதான். நான் வட்டத்தை முடிப்பதற்காகப் படகைத் திருப்பினேன். திருப்பத்தில் கயிறு ஒரு கணம் தொய்ந்து, சட்டென்று விறைத்தது. பாராசூட்டின் ஒரு பக்கம் மடங்கிவிட்டது. நீ விழுந்தது ஆழமான இடத்தில் இல்லை, முனைக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில் பாறை தெரிகிற இடத்தில். அங்கே நான் குதித்தபோது என் காலும் கிழிந்தது, அது எனக்கு அன்று சாயங்காலம் வரை தெரியாது. உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீ கண்ணைத் திறக்க எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அல்லாஹ்விடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நீ கண்ணைத் திறந்ததும், ஒப்புக்கொண்டதை எல்லாம் மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது, தலையில் தையல், பயப்பட வேண்டாம் என்றார்கள். மறுநாள் காலை வார்டு வாசலுக்கு ஒரு அதிகாரி விசாரணைக் காகிதத்தோடு வந்தார். நல்ல மனிதர், எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பறந்தவர் இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாரா என்று கேட்டார். ஆமாம் என்றால் லைசென்ஸ் போய்விடும், ஊரெல்லாம் மகனைக் கொல்லப் பார்த்தவன் என்று பேசும். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கேயே நிறுத்தியிருந்தால்கூட அது ஒரு காகிதத்துப் பொய்யாகப் போயிருக்கும். உள்ளே வந்தால் நீ கட்டுப்போட்ட தலையோடு, "என்னத்தா ஆச்சு, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று கேட்டாய். வெளியே சொன்னதும் உள்ளே சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று அந்த நிமிடத்தில் உன்னிடமும் சொன்னேன். "நீ சைகையே காட்டலியேடா. பயந்து உறைஞ்சு போயிட்ட."  நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். "சாரித்தா, என்னால உங்களுக்குக் கெட்ட பேரு." நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

திருத்திக்கொள்ள எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரங்கத் ஊரில் உன் மாமா மகள் கல்யாணத்துக்கு நாம் பஸ்ஸில் போனோம். உன் கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில் இருந்தது. பாராடாங் போகிற ஃபெர்ரிக்காகப் பஸ்ஸை நிறுத்திவிட்டு எல்லோரும் இறங்கி நின்றோம். நீ என் பக்கத்தில் வந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். "அத்தா, நெசமாவே நான் ஒரு கைகூடக் காட்டலியா? எனக்கென்னமோ காட்டின மாதிரி இருக்கு." உன் தோளே உனக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறது! அந்த இடத்தில் நான் காட்டினடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்த எட்டு வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும். நான், "விடுடா, பயப்படுறது மனுசனுக்கு சகஜம்" என்றேன். பெரிய மனதோடு உன்னை மன்னிக்கிற மாதிரி சொன்னேன். நீ தலையாட்டினாய். அதற்கப்புறம் நீ கேட்டதே இல்லை.

ரங்கத் கல்யாண வீட்டில் நான் செய்தது அதைவிட மோசம். பிரியாணி சாப்பிட்டு முடித்த பந்தியில், உன் கைக்கு என்ன ஆனது என்று யாரோ கேட்டார்கள். நான் எழுந்து நின்று நடித்துக் காட்டினேன். மேலே நீ எப்படி வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி, கையைக் காலை அசைக்காமல் பொம்மையாகத் தொங்கினாய் என்று தொங்கிக் காட்டினேன். பந்தி முழுக்கச் சிரித்தது. உன் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீயும் சிரித்தாய், தூளியில் கிடந்த கையைப் பிடித்துக்கொண்டு. அன்றிலிருந்து குடும்பத்தில் உனக்குப் பொம்மை என்று பேர் வந்துவிட்டது. பேர் வைத்தவன் நான். லைசென்ஸுக்காகச் சொன்ன பொய்யைக்கூட ஒருவேளை மன்னிப்பாய். கைதட்டலுக்காகச் சொன்னதை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

தபன் அடுத்த மாதமே வேலையை விட்டான். வேறு எங்கேயோ படகில் சேரப் போகிறேன் என்றான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "பாய், லட்கே கோ சச் போல் தேனா. பஸ்" என்றான். பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு, அவ்வளவுதான் என்று அர்த்தம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் சரி என்றேன். அவனைப் பற்றி, வேலைக்கு வணங்காதவன் என்று வீட்டில் சொன்னேன். நீயும் நம்பினாய்.

பிறகு நீ மலைக்குப் போனாய், பாராகிளைடிங் கற்றாய், அங்கிருந்து ஆஸ்திரேலியா. வாரம் முழுக்க கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆகாயத்தில் தொங்கினாய். ஒரு தடவை விழுந்தும் புத்தி வரவில்லை, திமிர் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அது திமிர் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். நீ பொம்மை இல்லை என்று யாருக்கோ காட்டிக்கொண்டே இருக்கிறாய். காட்ட வேண்டிய அவசியமே உனக்கு இருந்ததில்லை, ரியாஸ். நீ அன்றைக்கே மூன்று தடவை காட்டிவிட்டாய்.

இன்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். "எட்டு வருசமா நானும்ல அவனப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். என் வாயாலயும்ல சொல்ல வச்சிட்டீங்க." அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையில் இருந்த சாமான்களை ஒதுக்கி, உன் தங்கையின் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மொதல்ல அவனுக்கு எழுதுங்க. எழுதி முடிச்சப்புறம் சோறு." இப்போது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வீடெல்லாம் குழம்பு மணக்கிறது, எனக்கு ஒருவரும் தட்டு வைக்கவில்லை. சரிதான். இதை அனுப்பியதும் ரங்கத்துக்குப் போன் போட்டு, உன் மாமாவிடம் அந்தப் பந்தியில் நான் நடித்துக் காட்டியதை மாற்றிச் சொல்லப் போகிறேன். நாளைக்கு அன்று விசாரித்த அதிகாரியின் ஆபீஸுக்குப் போய் இன்னொரு காகிதம் எழுதிக் கொடுப்பேன். படகை விற்று இரண்டு வருடமாகிறது, என்னிடமிருந்து பிடுங்க லைசென்ஸ்கூட இல்லை. கிறுக்கன் என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. பறக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கிளைடர் என்றால், காற்று அடங்கின நாளில் அதோடு பழகு. அதை வைத்திருப்பவனிடம், உன்னுடையது செய்யாத எதை இது செய்யும் என்று கேள். நான் நிறம் கேட்டேன், நீ அதைக் கேள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒரு காரியத்தை முடிக்காதே. பாதியில் இறங்கினால் ஒன்றும் ஆகாது, முழங்கால் மண்ணாகும், மறுநாள் மறுபடி போகலாம். மேலே ஆடும்போது உன் கை தானாகக் கொக்கிக்குப் போனால், அதை நிறுத்தி வைத்து விசாரணை செய்யாதே, விட்டுவிடு. உன் கைக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது. கயிறு யாருடைய கையில் இருந்ததோ அவனுக்குத்தான் தெரியவில்லை. நாளைக்கு நீயும் யாரையாவது இழுத்துக்கொண்டு போகிறவன் ஆவாய், உனக்கும் பிள்ளை பிறக்கும். அப்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் மட்டும் போதாது. பார்த்ததை நம்பி உடனே கயிற்றை விடு. முன்பின் தெரியாத அந்த அம்மா ஒரே தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டு, கயிற்றை விட்டிருக்கிறார். அவருக்கு என் சலாமைச் சொல். என் மகனை அவர் என்னிடமிருந்து காப்பாற்றினார் என்று சொல், அவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

இதைப் படித்துவிட்டு நீ போன் எடுக்காமல் இருக்கலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அம்மாவோடு மட்டும் பேசு. எனக்குக் கோபப்பட்டு எழுதினால் முழுக் கோபத்தையும் எழுது, அத்தா என்பதற்காகப் பாதியில் நிறுத்தாதே. ஒன்று மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனதும், கயிற்றைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்னால், அந்த அம்மாவிடம் நடந்து போ. நான் உறைந்து போகிறவனா என்று எங்கள் அத்தாவைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னாய் அல்லவா? கேட்டேன், பதில் வந்துவிட்டது என்று சொல். என் மகன் முதலில் வலது கையைத் தூக்கினான். பிறகு இரண்டு கையையும் குறுக்கே வைத்தான். மூன்றாவது தடவை வைத்த கையை, விழுகிற வரைக்கும் எடுக்கவில்லை. நான் மூன்றையும் பார்த்தேன்.

உன் அத்தா